பெட்ரோலா, ஹைப்ரிட்டா, பேட்டரியா? வடசென்னையில் வண்டி எடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு

வண்டி வாங்கப் போகிறவரிடம் ஷோரூமில் முதலில் கேட்பது பட்ஜெட். தண்டையார்பேட்டை, ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்து ஆள் என்றால் நான் கேட்பது வேறு. வண்டி ராத்திரி எங்கே நிற்கும்? நிற்கிற இடத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா? இருந்தால் அது யாருடைய மீட்டரில் ஓடுகிறது? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பெட்ரோலா, ஹைப்ரிட்டா, பேட்டரியா என்கிற குழப்பத்தில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். விலை, மைலேஜ், மழைத் தண்ணீர், ரீசேல் எல்லாம் அப்புறம்தான்.

பேட்டரி வண்டி மேல் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இருந்த சந்தேகம் இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகளை மாநகரப் போக்குவரத்துக் கழகம் ஓடவிட்டது. அத்தனை பெரிய வண்டியே ஆள் நிரப்பிக்கொண்டு ஓடுகிறதே என்று பார்த்தவர்கள் ஸ்கூட்டர் விலையை விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஆனாலும் இது என்ஜின் சோறு போட்ட ஊர். எண்ணூரில் அசோக் லேலண்ட் 1940களின் கடைசி முதல், திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டு 1950கள் முதல். வீட்டுக்கு ஒருத்தர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒருத்தராவது இந்தக் கம்பெனிகளிலோ அவற்றுக்குப் பாகம் செய்து கொடுத்த பட்டறைகளிலோ வேலை பார்த்திருப்பார். சத்தம் இல்லாத வண்டியைப் பார்த்தால் "இதுல ரிப்பேர் வந்தா எதைடா கழட்டுவ?" என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

முதலில் ஸ்கூட்டர்

இந்தப் பகுதியில் உண்மையான போட்டி இரண்டு சக்கரத்தில்தான். அதில் ஹைப்ரிட் (பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற வண்டி) என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. சில 125 சி.சி. பெட்ரோல் ஸ்கூட்டர்களில் 'ஹைப்ரிட்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வண்டி கிளம்பும்போது சில விநாடி ஒரு சின்ன மோட்டார் கை கொடுக்கும், அவ்வளவுதான். அதை நம்பி இரண்டாயிரம் ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம். ஆக, பெட்ரோலா பேட்டரியா என்பதுதான் கேள்வி.

ஓட்டுகிற செலவைப் பார்ப்போம். சென்னையில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயை ஒட்டியே நிற்கிறது. நம் டிராஃபிக்கில் பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால் நல்ல வண்டி. தினம் 30 கிலோமீட்டர், மாதம் 26 நாள் ஓட்டுகிறவருக்கு 780 கிலோமீட்டர். பெட்ரோலுக்கு 1,750 ரூபாய் ஆகும். அதே தூரத்துக்குப் பேட்டரி ஸ்கூட்டர், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, 27, 28 யூனிட் எடுக்கும். யூனிட் எட்டு ரூபாய் என்று போட்டாலும் 220 ரூபாய்தான். மாதம் ஆயிரத்து ஐநூறு மிச்சம்.

விலை வித்தியாசம் முன்பு குறைந்துகொண்டே வந்தது, இப்போது மறுபடி கூடியிருக்கிறது. காரணம் இரண்டு. மத்திய அரசின் மானியம் ஒரு காலத்தில் பேட்டரி கொள்ளளவில் ஒவ்வொரு கிலோவாட் அவருக்கும் (அதாவது ஒரு யூனிட் கரண்டுக்கு) 15,000 ரூபாய். 2023 ஜூனில் அது 10,000 ஆனது. 2024 அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 5,000, அடுத்த நிதியாண்டில் 2,500. இன்னொரு பக்கம், 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான பெட்ரோல் வண்டிகளின் ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. பேட்டரி வண்டிக்கு ஏற்கெனவே 5 சதவீதம்தான், அதற்குக் கீழே இறங்க இடமில்லை. அதனால் நல்ல பேட்டரி ஸ்கூட்டர் ஒன்று பெட்ரோல் ஸ்கூட்டரைவிட இருபத்தைந்து, முப்பதாயிரம் கூட இருக்கிறது. தினம் 30 கிலோமீட்டர் ஓட்டுபவர் அந்தப் பணத்தை இரண்டு வருடத்துக்குள் எடுத்துவிடுவார். காலையில் பிள்ளையை ஸ்கூலில் விட்டு, சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போய் வருகிற வண்டி தினம் 10 கிலோமீட்டர்தான் ஓடும். மாதம் மிச்சமாவது ஐநூறு. போட்ட பணத்தை எடுக்க ஐந்து வருடம். அந்த வீட்டுக்குப் பேட்டரி வண்டி வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பெட்ரோல் பங்க் வரிசை பிடிக்கவில்லை என்றால் வாங்கிக்கொள்ளலாம்.

ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடுகிற தூரம் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். விளம்பரத்தில் 150 என்றால் தெருவில் 100, 110 என்று வைத்துக்கொள்ளுங்கள். மணலியிலிருந்து கிண்டிக்குப் போய்த் திரும்பினாலும் அதற்குள் முடிந்துவிடும்.

பிரச்சினை சார்ஜ் போடுவதில்தான் ஆரம்பிக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு லைன் வீட்டை நினைத்துப் பாருங்கள். மூன்றடி நடை, இரண்டு பக்கமும் போர்ஷன், கடைசியில் பொதுக் குழாய். வண்டிகள் நடையில் ஹேண்டில்பாரை ஒடித்துக்கொண்டு வரிசையாக நிற்கும். மீட்டர் ஹவுஸ் ஓனர் பெயரில் இருக்கும், குடித்தனக்காரருக்கு சப் மீட்டர். ஓனரம்மாவிடம் போய், "அம்மா, பேட்டரி வண்டி எடுக்கலாம்னு இருக்கேன், நைட்ல சார்ஜ் போட்டுக்கலாமா?" என்று கேட்டால், "எவ்ளோ இழுக்கும்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். மாதம் முப்பது யூனிட்டுக்குள் என்று சொன்னால் பெரும்பாலும் நம்ப மாட்டார்கள். ஏ.சி. போட்டுவிட்டு அப்படித்தான் சொன்னான் மாடிக்காரன் என்பார்கள்.

அவர்கள் பயத்திலும் அர்த்தம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஈ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. முதல் 100 யூனிட் இலவசம், 500 யூனிட் வரை மலிவான ஸ்லாப். 500ஐத் தாண்டினால் கணக்கே மாறி, மேலே போகிற யூனிட்டுகள் எட்டு ரூபாய்க்கு மேல் ஆகும். ஏற்கெனவே 480ல் நிற்கிற வீட்டில் ஒரு ஸ்கூட்டர் கூடுதலாக 55 யூனிட் இழுத்தால், மொத்த பில்லும் தூக்கிவிடும். குடித்தனக்காரருக்கு யூனிட் எட்டோ பத்தோ என்று ஓனர் போடுவது இதை ஈடுகட்டத்தான். பத்து ரூபாய் கொடுத்தாலும் உங்களுக்கு லாபம்தான்; மாதம் 280 ரூபாய். அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டி, தனி சப் மீட்டர் உங்கள் செலவில் வைத்துக்கொள்வதாகச் சொன்னால் பாதி ஓனர்கள் சம்மதிப்பார்கள் என்பது என் அனுமானம்.

சம்மதம் கிடைத்த பிறகு எர்த். பழைய வீடுகளில் பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியன் ஒரு பல்பு ஹோல்டரில் இரண்டு ஒயர் கட்டி, ஒன்றை ஃபேஸிலும் மற்றதை எர்த்திலும் வைப்பார். பல்பு நன்றாக எரிந்தால் எர்த் இருக்கிறது, மினுக்மினுக்கென்றால் அரைகுறை, எரியவே இல்லையென்றால் சுத்தமாக இல்லை. நல்ல கம்பெனி சார்ஜர்கள் எர்த் இல்லாத பிளக்கில் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும். வண்டி எடுத்த அன்றே "சார்ஜர் போச்சு" என்று ஷோரூமுக்கு ஓடுகிறவர்களில் பலருக்கு நோய் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. தரையில் எர்த் குழாய் அடித்து, தனி எம்.சி.பி.யோடு (லோடு மீறினால் தானே அணைகிற சுவிட்ச்) 15 ஆம்ப் லைன் இழுக்கச் சில ஆயிரம் ஆகும். வண்டி விலையோடு அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஹவுசிங் போர்டு குடியிருப்புகளில் இன்னும் சிக்கல். வண்டி கீழே, வீடு மூன்றாவது மாடியில். ஜன்னல் வழியாக ஒயரைத் தொங்கவிட்டு சார்ஜ் போடுகிறவர்களைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் அதைவிட ஆபத்து வேறு இல்லை. அங்கே இருப்பவர்களுக்கு ஒரே வழி கழற்றி எடுத்துப் போகிற பேட்டரி. அது பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். லிஃப்ட் ஓடாத நாளில் தினம் மாடி ஏற்றிப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள். வாங்குவதற்கு முன் ஷோரூமிலேயே அந்தப் பேட்டரியைக் கழற்றி வீட்டுப் பெண்களைத் தூக்கிப் பார்க்கச் சொல்வது நல்லது. வண்டி ஓட்டப் போவது பெரும்பாலும் அவர்கள்தான்.

தீப்பிடிக்கும் பயம்

இதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. 2022 மார்ச்சில் வேலூரில், ராத்திரி வீட்டுக்குள் சார்ஜ் போட்ட ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அதே வாரம் மாதவரத்தை அடுத்த மஞ்சம்பாக்கத்தில் ரோட்டோரம் ஒரு ஸ்கூட்டர் எரிந்த வீடியோ எல்லோர் செல்போனிலும் ஓடியது. அதற்குப் பிறகு மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்கிற பேட்டரி பாதுகாப்பு விதியைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர், 2023 மார்ச் என்று இரண்டு கட்டமாக நடைமுறைப்படுத்தியது. செல்களுக்கு நடுவே வெப்பம் பரவாமல் இருப்பது, தண்ணீர் புகாமல் இருப்பது எல்லாம் அதில் சோதிக்கப்படும். ஆகவே செகண்ட் ஹேண்டில் பேட்டரி வண்டி பார்க்கிறவர்கள் 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான வண்டியைத் தொட வேண்டாம் என்பேன். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

புது வண்டியானாலும், லைன் வீட்டு நடையில் வாசலை அடைத்தபடி ராத்திரி முழுக்க சார்ஜ் போடக் கூடாது. உள்ளே பத்துக் குடும்பம் தூங்குகிறது, வெளியே வர ஒரே வழி அந்த நடைதான். பெட்ரோல் வண்டியும் எரியும்தான், ஆனால் ஆள் தூங்கும்போது அதில் எதுவும் ஓடிக்கொண்டிருக்காது. சாயங்காலம் வந்ததும் போட்டு, படுக்கப்போகும் முன் எடுத்துவிடுகிற பழக்கம் இங்கே அவசியம். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைப் பேட்டரி உள்ள வண்டி கிடைத்தால் அதைப் பாருங்கள். எடை கொஞ்சம் கூடும், ஆனால் மே மாத வெயிலில் மற்ற வகையைவிடப் பொறுமையாக இருக்கும்.

கார்: பிளக் இல்லாதவரின் ஹைப்ரிட்

ஹைப்ரிட் பற்றி விற்பனையாளர்கள் கிளப்பிவிட்ட குழப்பம் நிறைய. மைல்டு ஹைப்ரிட் என்பது பெட்ரோல் கார்தான், மோட்டார் தனியாகச் சக்கரத்தைச் சுழற்றாது. ஸ்ட்ராங் ஹைப்ரிட்தான் அசல். ஹோண்டா சிட்டி 2022 மே மாதம் அப்படி வந்தது, மாருதி கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா ஹைரைடரும் அதே வருடம் செப்டம்பரில், பெரிய வண்டி இன்னோவா ஹைகிராஸ் வருடக் கடைசியில். இவற்றுக்கு பிளக்கே கிடையாது. பிரேக் பிடிக்கும்போதும் என்ஜின் ஓடும்போதும் தன் பேட்டரியைத் தானே ஏற்றிக்கொள்ளும். ஹைரைடரில் அந்தப் பேட்டரி ஒரு கிலோவாட் அவர்கூட இல்லை, 0.76தான். அதை வைத்துக்கொண்டு ஊர்கிற டிராஃபிக்கில் என்ஜினை அணைத்துவிட்டு மோட்டாரில் நகரும்.

எண்ணூர் நெடுஞ்சாலையிலோ மணலி விரைவுச் சாலையிலோ கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களுக்கு இதன் அருமை புரியும். பெட்ரோல் கார் ஏ.சி.யோடு நின்ற இடத்திலேயே குடித்துக்கொண்டிருக்கும். ஹைப்ரிட் பெரும்பாலான நேரம் சும்மா இருக்கும். கம்பெனி சொல்கிற 27.97 கிலோமீட்டர் வராது. நகரத்துக்குள் 20 வரும். சாதாரண பெட்ரோல் காருக்கு அதே ரோட்டில் 14 வந்தால் பெரிது.

ஆனால் பணக் கணக்கு இடிக்கிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோல் காருக்கு 7,200 ரூபாய், ஹைப்ரிட்டுக்கு 5,000. மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் மிச்சம். ஹைப்ரிட் மாடலுக்குக் கூடக் கொடுப்பது மூன்று லட்சம், அதன் மேல் சாலை வரி. தமிழ்நாட்டில் பத்து லட்சம் முதல் இருபது லட்சம் வரையிலான கார்களுக்கு 18 சதவீதம். உத்தரப் பிரதேசம் 2024ல் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது. நம் மாநிலத்தின் 2023 மின்வாகனக் கொள்கை தந்த முழு வரி விலக்கு பேட்டரி வண்டிக்கு மட்டும்தான். போட்டதை எடுக்கப் பதினான்கு வருடம். மாதம் 2,500 கிலோமீட்டர் ஓட்டுகிறவராக இருந்தால் ஐந்து, ஆறு வருடத்தில் எடுத்துவிடலாம்.

அப்படியென்றால் இந்தப் பக்கம் ஹைப்ரிட் யாருக்கு? எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைக்காரர், சௌகார்பேட்டை மொத்த வியாபாரி மாதிரி ஆட்களுக்கு. கையில் பணம் இருக்கும், வீட்டில் கார் நிறுத்த இடம் இருக்காது. கார் இரண்டு தெரு தள்ளி வாடகை ஷெட்டிலோ ரோட்டோரத்திலோ நிற்கும். சார்ஜ் போட வழியே இல்லை. சரக்குப் பார்க்க மாதம் இரண்டு முறை ஈரோடு, சூரத் பக்கம் என்று அலைவார். அவருக்கு ஹைப்ரிட் சரி. மற்றவர்கள், முக்கியமாக ஞாயிற்றுக்கிழமை மட்டும் காரை எடுக்கிறவர்கள், ஹைப்ரிட்டுக்குக் கொடுக்கிற கூடுதல் பணத்தை பேங்கில் போட்டுவிட்டு சாதாரண பெட்ரோல் காரில் போகலாம்.

பேட்டரி காருக்குக் கணக்கு வேறு மாதிரி. 12 லட்ச ரூபாய் பெட்ரோல் காருக்கு வரி மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல். அதே அளவு பேட்டரி கார் 15 லட்சம் என்று வைத்தாலும், வரி விலக்கு இருக்கும்போது ரோட்டுக்கு வரும் விலையில் வித்தியாசம் ஒரு லட்சத்துக்குள் சுருங்கிவிடுகிறது. பதிவு செய்கிற தேதியில் அந்தச் சலுகை நடப்பில் இருக்கிறதா என்று கேட்டு, கொட்டேஷனில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஒரு சலுகைதான் மொத்தக் கணக்கையும் புரட்டிப்போடும். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸிலும் பேட்டரி காருக்கு 15 சதவீதம், ஹைப்ரிட்டுக்கு 7.5 சதவீதம் தள்ளுபடி உண்டு.

ஓட்டச் செலவு: 1,000 கிலோமீட்டருக்கு 160 யூனிட். வீட்டில், மேல் ஸ்லாப்பில் யூனிட் ஒன்பது ரூபாய் என்றாலும் 1,450. வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் இருபது ரூபாயைத் தொடும், 3,200 ஆகும். அதுவும் பெட்ரோலில் பாதிகூட இல்லை. ஆக, வீட்டில் பிளக் இல்லாவிட்டாலும் பணம் தாங்கும், பொறுமைதான் தாங்காது. வாரம் ஒரு முறை, சில வாரம் இரண்டு முறை, சார்ஜரைத் தேடிப் போய் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். போனால் ஒன்று ரிப்பேர், இன்னொன்றில் டாக்ஸிக்காரர் இருப்பார். கொடுங்கையூர், மாதவரம், எம்.கே.பி. நகர்ப் பக்கம் போர்ட்டிகோ வைத்த தனி வீட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 15 ஆம்ப் பிளக்கில் ராத்திரி பத்து மணி நேரத்தில் முப்பது யூனிட் ஏறிவிடும். வேகமான சுவர் சார்ஜர் வேண்டும் என்றால் த்ரீ ஃபேஸ் கனெக்‌ஷனும் கூடுதல் லோடும் கேட்டு ஈ.பி. ஆபீஸ் போக வேண்டியிருக்கும். பெரம்பூர் அப்பார்ட்மென்ட்காரர்கள் முதலில் அசோசியேஷனில் பேசிவிட்டு அப்புறம் புக் செய்யட்டும். காமன் மீட்டரில் யார் கை வைப்பது என்கிற சண்டை அங்கே சீக்கிரம் முடியாது.

வெளியூர்ப் பயணத்தில் நமக்கு ஒரு தனிக் கஷ்டம். தாம்பரத்துக்காரர் நேரே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறிவிடுவார். நாம் ஊரையே குறுக்கே கடந்துதான் தெற்கே போக வேண்டும். தீபாவளிக்குத் திருநெல்வேலி, தூத்துக்குடி போகிற குடும்பங்கள் பேட்டரி காரில் போனால் வழியில் இரண்டு மூன்று முறை சார்ஜ், பண்டிகைக் கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் வரிசை. அந்த இரண்டு பயணத்துக்காகப் பெட்ரோல் கார் வாங்குவதைவிட எழும்பூரில் ரயில் ஏறுவது மலிவு. திருப்பதி நமக்குப் பக்கம். செங்குன்றம், ஊத்துக்கோட்டை வழியாகப் போய் வர 270 கிலோமீட்டர். சின்ன பேட்டரி காரானால் கீழ்த் திருப்பதியில் ஒரு முறை சார்ஜ் போட்டால் போதும். மலை ஏறும்போது சதவீதம் மடமடவென்று குறைவதைப் பார்த்துப் பதற வேண்டாம், இறங்கும்போது ஒரு பங்கு திரும்பி ஏறும்.

தண்ணீர், உப்பு, சாம்பல்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இங்கே எத்தனை தெரு எத்தனை நாள் தண்ணீரில் கிடந்தது என்பதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எண்ணூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது. பெட்ரோல் வண்டி மூழ்கினால் என்ஜினுக்குள் தண்ணீர் போகும். ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு போனால் ஆயில் மாற்றிக் காப்பாற்றிவிடலாம், அவசரப்பட்டு செல்ஃப் அடித்தவர்களுக்குத்தான் என்ஜினே வளைந்தது. பேட்டரி வண்டிகளில் ஐ.பி. 67 என்று போட்டிருப்பார்கள். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் என்பதுதான் அந்தச் சோதனை. கணேசபுரம் சப்வேயில் தேங்கிய தண்ணீரைக் கடந்து வர அது போதும். மூன்று நாள் மூழ்கிக் கிடக்க அது உத்தரவாதம் இல்லை. மூழ்கின பேட்டரி வண்டியைக் காய்ந்துவிட்டது என்று நினைத்து சார்ஜ் போடவே கூடாது. இந்த விஷயத்தில் ஹைப்ரிட்டுக்கு இரட்டைப் பாடு. முன்னால் என்ஜின், பின்சீட் பக்கம் பேட்டரி, இரண்டும் நனையும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது பெட்ரோலுக்கு என்ஜின் புரொடெக்ட், மற்றவற்றுக்குப் பேட்டரியையும் சேர்க்கிற ஆட்-ஆன் கேட்டு வாங்குங்கள். உங்கள் தெருவில் வருடா வருடம் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்றால், வண்டியை மேட்டில் கொண்டுபோய் விட ஓர் இடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது எந்த வண்டிக்கும் நல்லது.

கடற்காற்று இன்னொன்று. காசிமேடு, திருவொற்றியூர்க் கடலோரத்தில் எந்த வண்டியும் துருப்பிடிக்கும்தான். பேட்டரி காரில் பெரும்பாலும் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் டிஸ்க்குக்கு வேலை குறைவு, அதனாலேயே அதில் சீக்கிரம் துரு ஏறும். வாரம் சில முறை வேண்டுமென்றே நன்றாக அழுத்திப் பிரேக் பிடியுங்கள்.

புகை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி வண்டி புகை விடாது என்று அண்ணா சாலையில் சொன்னால் உண்மை. அந்த கரண்டுக்கு நிலக்கரி எரிகிற இடம் நம் பக்கத்தில் இருக்கிறது. எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் 2017ல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையமும் ஓடுகின்றன. 2024ல் இன்னும் 800 மெகாவாட் சேர்ந்தது. தென்னகத்துக் காற்றாலைகள் சுற்றுகிற மே முதல் செப்டம்பர் வரை நிலைமை கொஞ்சம் நன்றாக இருக்கும். ஊரெல்லாம் பேட்டரி வண்டி ஓட்டினால் மயிலாப்பூருக்குச் சுத்தக் காற்று, எங்களுக்குச் சாம்பலா என்று இங்கே யாராவது கேட்டால் அது வெட்டிப்பேச்சு இல்லை. ஆனாலும் நம் தெருவில், குழந்தை மூக்கு உயரத்தில் புகை விடாத வண்டி ஒன்று கூடினால் அதுவும் லாபம்தான். இதை மட்டும் வைத்து வண்டி முடிவு செய்ய வேண்டாம்.

சம்பாதிக்கிற வண்டி

பேட்டரி வண்டி உண்மையிலேயே நன்றாகப் பொருந்துவது இங்கேதான். கொத்தவால்சாவடியிலிருந்து கடைகளுக்கு, காசிமேட்டிலிருந்து மீன் மார்க்கெட்டுகளுக்குச் சரக்கு அடிக்கிற லோடு ஆட்டோவுக்கு தினம் ஒரே ரூட், திட்டமான தூரம், ராத்திரி ஒரே இடத்தில் நிற்கும். தினம் எண்பது, நூறு கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு எரிபொருள் மிச்சமே தவணையில் ஒரு பெரிய பங்கைக் கட்டிவிடும். கடன் வட்டி பெட்ரோல், டீசல் வண்டியைவிடக் கூட இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ரீசேல் தெரியாத வண்டிக்கு ஃபைனான்ஸ்காரர்கள் முன்பணமும் கூடக் கேட்பார்கள், தவணைக் காலத்தையும் சுருக்குவார்கள்.

மீன் லோடு அடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெட்டியில் ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அது பலகை இடுக்கில் இறங்கி, ஒயர் கனெக்டரில் பச்சை பூத்துவிடும். பெட்ரோல் வண்டியில் அதைச் சுரண்டி மாட்டிவிடுவார்கள். பேட்டரி வண்டியில் அதே பச்சை, வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிடும். பாடி கட்டும்போதே அடியில் ஷீட் போட்டுத் தண்ணீர் பின்னால் வடியும்படி செய்துகொள்ளுங்கள்.

டெலிவரிக்கு ஓடுகிற பையன்கள் பேட்டரி வண்டியை வாங்குவதைவிட வாரவாடகைக்கு எடுப்பதுதான் அதிகம். பேட்டரி மாற்றிக்கொடுக்கிற மையம் பக்கத்தில் இருந்தால் அது புத்திசாலித்தனம். வேலை பிடிக்கவில்லை என்றால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம், தலையில் தவணை நிற்காது.

சர்வீஸ்

பெட்ரோல் வண்டி ரிப்பேர் ஆனால் தெருமுனை மெக்கானிக் அரை நாளில் கையில் கொடுத்துவிடுவார். பாகம் இல்லையென்றால் புதுப்பேட்டை இருக்கிறது. பேட்டரி வண்டியில் டயர், பிரேக் ஷூ தவிர அவர் தொட ஒன்றும் இல்லை. கன்ட்ரோலர், சார்ஜர் எதுவானாலும் கம்பெனி சர்வீஸ் சென்டர்தான். ஆயில் மாற்றுகிற வேலை இல்லாததால் செலவு குறைவு, ஆனால் ரிப்பேர் என்று வந்தால் நாள் கணக்கில் நிற்கும். எனவே ஷோரூம் பளபளப்பைப் பார்க்காமல், ஒரு சனிக்கிழமை காலை அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் வாசலுக்குப் போங்கள். தூசி படிந்து எத்தனை வண்டி நிற்கிறது, சீட்டில் ஒட்டியிருக்கிற ஜாப் கார்டில் எந்தத் தேதி போட்டிருக்கிறது என்று பாருங்கள். காத்திருக்கிறவர்களிடம், "என்னாச்சுண்ணா, எத்தனை நாளா நிக்குது?" என்று கேட்டால் கொட்டித் தீர்ப்பார்கள்.

வாரண்டி தாளில் மூன்று விஷயம் தேடுங்கள். எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர், பேட்டரியின் திறன் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள். எட்டு வருடம், 80,000 கிலோமீட்டர், 70 சதவீதம் என்கிற மாதிரி எழுத்தில் தருகிற ஸ்கூட்டர் கம்பெனிகள் இருக்கின்றன. கூடக் காசு கேட்டாலும் கொடுக்கலாம். வாரண்டிக்கு வெளியே போனால் மூன்று கிலோவாட் அவர் பேட்டரிக்கு அறுபதாயிரத்துக்கு மேல் ஆகும். அந்த வாரண்டி அடுத்து வாங்குபவர் பெயருக்கு மாறுமா என்பதையும் இப்போதே கேளுங்கள். மாறாவிட்டால் நாலு வருடம் கழித்து அந்த வண்டியை விற்கப் போகும்போது புரோக்கர் சொல்கிற விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான்.